பேச்சு அறுபடாமல் சேவையகம் மாற வேண்டும்: கமாய்லியோ இணையில் எதை நகலெடுப்பது, எதை விடுவது?

பெருங்குடி_இரவுப்பணி · செவ்வாய், இரவு 11.20

அனைவருக்கும் வணக்கம். பெருங்குடியில் இயங்கும் ஒரு வாடிக்கையாளர் உதவி மையத்தின் தொலைபேசி அமைப்பை நான் பராமரிக்கிறேன். இரண்டு ஷிஃப்டுகளில் சுமார் 180 ஏஜென்ட்டுகள் பேசுகிறார்கள். அம்பத்தூரில் உள்ள ஒரு தரவு மையத்தில், ஒரே ரேக்கில், இரண்டு கமாய்லியோ சேவையகங்கள் (சிப் என்ற இணையத் தொலைபேசி நெறிமுறையில் அழைப்புகளை வழிநடத்துபவை) இருக்கின்றன. ஒன்று முதன்மை, மற்றொன்று காத்திருப்பு. அவற்றுக்குப் பின்னால் காத்திருக்கும் அழைப்புகளின் வரிசைகளைக் கையாள, தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் நிரலான ஆஸ்டரிஸ்க் ஓடும் மூன்று இயந்திரங்கள் உள்ளன. குரல் பாக்கெட்டுகள் இரு கமாய்லியோ இயந்திரங்களிலும் ஓடும் ஆர்டிபி-எஞ்சின் என்ற நிரல் வழியாகச் செல்கின்றன. எந்த இயந்திரம் முதன்மையோ அதனிடம் இருக்கும் மிதக்கும் ஐபி முகவரியைக் கீப்அலைவ்டி என்ற நிரல் மாற்றிக் கொடுக்கிறது. தொலைபேசிகளின் பதிவுகள் (எந்த எண் எந்த முகவரியில் இருக்கிறது என்ற குறிப்புகள்) மைஎஸ்கியூஎல்லில் எழுதப்பட்டு, காத்திருப்பு இயந்திரத்தில் உள்ள தரவுத்தளத்துக்கு உடனுக்குடன் நகலாகின்றன.

சென்ற வியாழன் மதியம் முதன்மை இயந்திரத்தின் பவர் சப்ளை எரிந்துபோனது. இதற்காகத்தானே இரண்டாவது இயந்திரம் இருக்கிறது என்று நானும் பதற்றமில்லாமல்தான் இருந்தேன். ஆனால் நடந்தது வேறு. பேசிக்கொண்டிருந்த அழைப்புகள் அனைத்தும் ஒரே நொடியில் ஊமையாகி, வாடிக்கையாளர்கள் தாமாகவே இணைப்பைத் துண்டித்தார்கள். அலுவலகத்துக்குள் இருந்த தொலைபேசிகளுக்கு நான்கு நொடியில் புதிய இயந்திரம் பதில் சொன்னது. ட்ரங்க் (வெளித் தொலைபேசி நிறுவனத்தோடு இணைக்கும் தடம்) பக்கமிருந்து வரும் அழைப்புகள் மீண்டும் வரத் தொடங்கவோ ஏறத்தாழ 40 நொடிகள் ஆயின. இவற்றைவிட எனக்குப் புரியாதது மூன்றாவது விஷயம். பல ஏஜென்ட்டுகளின் எண்ணுக்கு அழைப்பு அனுப்பினால் கமாய்லியோ 404 (அப்படி ஒருவர் இல்லை) என்கிறது. அதே நேரத்தில் காத்திருப்பு இயந்திரத்தின் மைஎஸ்கியூஎல் அட்டவணையைத் திறந்து பார்த்தால், அந்த ஏஜென்ட்டின் பதிவு காலாவதியாகாமல், சரியான முகவரியோடு அங்கேயே இருக்கிறது.

"ரெண்டு சர்வருக்குப் பணம் கொடுத்தோமே, எதற்கு?" என்று மேலாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தரவுத்தளத்தை மூன்று முனைகள் கொண்ட காலேரா கிளஸ்டராக மாற்றி, எல்லாத் தகவலையும் ஒத்திசைவாக நகலெடுத்துவிட்டால் இது தீருமா? கூடவே, இரண்டாவது இயந்திரத்தைச் சிறுசேரிக்கு மாற்றினால் வெள்ளக் காலத்துக்கும் பாதுகாப்பாக இருக்குமே என்ற எண்ணமும் உள்ளது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வேளச்சேரி_ட்ரங்க் · புதன், காலை 9.05

உங்கள் மூன்றாவது புதிரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது விளங்கினால் காலேரா தேவையா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். பதிவுகளை வைத்திருக்கும் மாட்யூலின் தரவுத்தள முறை 1 அல்லது 2 என்று அமைத்திருப்பீர்கள் என ஊகிக்கிறேன். அந்த இரண்டு முறைகளிலும் கமாய்லியோ தொடங்கும்போது ஒரே ஒரு முறை அட்டவணையை நினைவகத்துக்கு ஏற்றிக்கொள்கிறது; அதன் பிறகு தேடல்கள் எல்லாம் நினைவகத்தில்தான் நடக்கின்றன, அட்டவணை எழுதுவதற்கு மட்டுமே. உங்கள் காத்திருப்பு இயந்திரம் என்றைக்குத் தொடங்கப்பட்டதோ அன்றைய பதிவுகளை ஏற்றிக்கொண்டு, அவை காலாவதியானதும் நீக்கிவிட்டு, வெற்று நினைவோடு உட்கார்ந்திருக்கிறது. மைஎஸ்கியூஎல் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்திருக்கிறது. ஆனால் அந்த அட்டவணையைப் படிப்பதற்குத்தான் யாரும் இல்லை. நினைவகப் பதிவுகளைக் காட்டும் கட்டளையைக் காத்திருப்பு இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள். பட்டியல் ஏறத்தாழ காலியாக இருக்கும்.

ஆகவே காலேரா போட்டாலும் இதே கதைதான். அது மெதுவாக இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. 180 தொலைபேசிகள் நிமிடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்தாலும் நொடிக்கு மூன்று எழுத்துகள்தான், எந்தத் தரவுத்தளமும் அதைத் தாங்கும். நகல் போய்ச் சேர வேண்டிய இடம் வட்டு அன்று, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகம். அதற்குக் கமாய்லியோவில் டிஎம்கியூ என்ற மாட்யூலும், அதன்மேல் பதிவுகளைப் பகிரும் துணை மாட்யூலும் இருக்கின்றன. ஒரு தொலைபேசி பதிவு செய்த மறுகணமே அந்தத் தகவல் கேடிஎம்கியூ என்ற சிப் செய்தியாக மற்ற முனைக்குப் போய் நினைவகத்தில் அமர்கிறது. புதிதாகத் தொடங்கும் முனை, ஏற்கெனவே ஓடும் முனையிடம் முழுப் பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கமாய்லியோவைப் போன்ற ஓப்பன்சிப்ஸ் நிரலைப் பயன்படுத்துவோருக்கு இதே வேலையைக் கிளஸ்டரர் மாட்யூல் தன் பைனரி நெறிமுறையில் செய்கிறது. டிஎம்கியூ கேட்கும் போர்ட்டை வெளியுலகுக்குக் கட்டாயம் மூடிவிடுங்கள். அந்தச் செய்தியை அனுப்ப முடிந்தவர் உங்கள் பதிவேட்டிலேயே எழுத முடிந்தவர் ஆகிறார்.

ஒவ்வொரு பதிவோடும், அது எந்த சாக்கெட் (சேவையகம் கேட்கும் ஐபி முகவரியும் போர்ட்டும்) வழியாக வந்தது என்ற குறிப்பும் சேர்ந்தே நகலாகிறது. நாட் கருவி (உள்ளக முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றித் தருவது), தனக்குப் பின்னால் இருக்கும் தொலைபேசி பேசிய அதே முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டை மட்டுமே பொதுவாக உள்ளே விடும். ஆகையால் இரு இயந்திரங்களும் மிதக்கும் ஐபியையே கேட்கும் முகவரியாக வைத்திருக்க வேண்டும். அந்த முகவரி தன்னிடம் இல்லாதபோதும் காத்திருப்பு இயந்திரம் அதில் அமர, லினக்ஸ் கெர்னலில் நான்லோக்கல் பைண்ட் அமைப்பை 1 ஆக்க வேண்டும்.

40 நொடிக்கு வருகிறேன். கீப்அலைவ்டி பயன்படுத்தும் விஆர்ஆர்பி நெறிமுறையில் முதன்மை, தான் உயிரோடிருப்பதை அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு இடைவெளி 1 நொடி, காத்திருப்பின் முன்னுரிமை 100 என்றால், முதன்மை இறந்துவிட்டது என்று முடிவுக்கு வர மூன்று அறிவிப்புகளும், அதோடு 256-இல் 156 பங்கு நொடியும் ஆகின்றன, மொத்தம் 3.6 நொடி. அலுவலகத் தொலைபேசிகளுக்கு நீங்கள் கண்ட நான்கு நொடி இதுவே. நெறிமுறையின் 3-ஆம் பதிப்பில் இடைவெளியை 100 மில்லிநொடியாக்கினால் இது 0.36 நொடிக்கு இறங்கும். ட்ரங்க் பக்கம் 40 ஆனதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே உள்ள ரௌட்டரோ ஃபயர்வாலோ பழைய இயந்திரத்தின் மேக் முகவரியையே (பிணைய அட்டையின் வன்பொருள் முகவரி) பிடித்துக்கொண்டிருந்ததுதான். முகவரி மாறியதும் கீப்அலைவ்டி, இந்த ஐபி இனி இந்த மேக்கில் என்று வலியச் சொல்லி அனுப்பும் ஏஆர்பி அறிவிப்பைச் சில கருவிகள் பொருட்படுத்துவதில்லை. விஆர்ஆர்பிக்கென ஒதுக்கப்பட்ட மெய்நிகர் மேக் முகவரியைப் பயன்படுத்தும்படி கீப்அலைவ்டியை அமைத்தால் ஐபியோடு மேக்கும் சேர்ந்தே நகரும். மேலே உள்ள கருவி எதையும் மறக்கவோ கற்கவோ வேண்டியதில்லை, நடுவில் இருக்கும் ஸ்விட்ச் மட்டும் போர்ட்டை மாற்றிக்கொள்ளும்.

சிறுசேரி யோசனை எனக்கு ஏற்புடையதாக இல்லை. தூரம் பிரச்சினை அன்று. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோநொடி போதும், நகரத்துக்குள் அது கணக்கிலேயே வராது. விஆர்ஆர்பி ஒரே லேன் பகுதிக்குள்தான் வேலை செய்யும் என்பதும், இரு இடங்களுக்கும் நடுவே உள்ள இணைப்பு அறுந்தால் இரண்டு இயந்திரங்களும் தன்னையே முதன்மை என்று நம்பும் என்பதும்தான் பிரச்சினை. நம் ஊரில் சாலை தோண்டாத மாதம் எது? பேச்சு அறுபடாத மாற்றத்தை ஒரே ரேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மின்தொடர்களும் இரண்டு ஸ்விட்சுகளும் கொடுத்து. 2015 டிசம்பர் போன்ற வெள்ளத்துக்குச் சிறுசேரியில் மூன்றாவதாக ஒன்றை வைத்து, தொலைபேசிகள், மாற்றுச் சேவையகங்களை வரிசைப்படுத்திச் சொல்லும் டிஎன்எஸ் எஸ்ஆர்வி குறிப்பு வழியாக அங்கே போய்ப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளட்டும். அந்த நாளில் பேசிக்கொண்டிருந்த அழைப்புகள் போகும், போகட்டும்.

ஓய்வுபெற்ற_எக்ஸ்சேஞ்ச் · புதன், மாலை 6.30

தம்பி, நான் இந்தியாவில் உருவான சி-டாட் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன். உங்கள் கேள்வியில் "எல்லாத் தகவலையும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது என்பது என் கருத்து.

1965-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் சக்கசன்னா என்ற ஊரில் இயங்கத் தொடங்கிய முதல் ஈஎஸ்எஸ் (மின்னணு) எக்ஸ்சேஞ்சின் வடிவமைப்பு இலக்கு, 40 ஆண்டுகளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பதாகும். அதற்காக இரண்டு செயலிகள் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்து, விடைகளை ஒப்பிட்டுக்கொண்டே ஓடின. அவ்வளவு செலவு செய்தவர்களும், எங்கள் சி-டாட் இயந்திரங்களில் ஒவ்வொரு செயலிக்கும் சூடான காத்திருப்பு வைத்தவர்களும் அழைப்புகளை ஒரே தட்டில் வைக்கவில்லை. பேசிக்கொண்டிருப்பவை நிலைத்த அழைப்புகள், அவற்றைக் காப்பாற்ற வேண்டும். எண் சுழற்றிக்கொண்டிருப்பவையும் மணி அடித்துக்கொண்டிருப்பவையும் நிலையற்றவை, அவற்றை விட்டுவிடலாம். அழைத்தவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எண்ணைச் சுழற்றுவார். நிலைத்த அழைப்பின் விவரம் அது இணையும்போது ஒரு முறையும் முடியும்போது ஒரு முறையும்தான் மாறுகிறது. நிலையற்ற அழைப்பின் விவரமோ ஒவ்வொரு இலக்கத்துக்கும் மாறுகிறது. குறைவாக மாறுவதும் இழந்தால் அதிகம் வலிப்பதும் எதுவோ அதை நகலெடுத்தார்கள்.

சிப் நெறிமுறையை நான் ஓய்வுக்குப் பிறகுதான், பேரனின் உதவியோடு, படித்தேன். படித்த அளவில் எனக்கு வியப்பாக இருந்தது, அது தன் நினைவின் பெரும்பகுதியைச் செய்திகளுக்குள்ளேயே சுமந்து செல்கிறது என்பதுதான். அழைப்பு இணையும்போது உங்கள் கமாய்லியோ ரெக்கார்ட்-ரூட் தலைப்பில் மிதக்கும் ஐபியை எழுதிவிட்டால், பிறகு வரும் பை (அழைப்பை முடிக்கும்) செய்தி தானே அந்த முகவரிக்கு வரும்; அங்கே அப்போது எந்த இயந்திரம் இருந்தாலும், அந்த அழைப்பைப் பற்றி எதுவும் தெரியாமலேயே, செய்தியில் எழுதியுள்ள அடுத்த முகவரிக்கு அதை அனுப்பிவிடலாம். மணி அடிக்கும் அழைப்புக்கு அந்த வசதி இல்லை. அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தியை அனுப்பியவர் பதில் வராதவரை, 0.5-ஆவது, 1.5-ஆவது, 3.5-ஆவது நொடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி மறுபடி மறுபடி அனுப்புகிறார். ஒரு முறை 180 என்ற மணியோசைப் பதில் வந்துவிட்டால் அனுப்புவதை நிறுத்திவிடுகிறார். ஆகவே 180-க்குப் பிறகு நடுவில் இருந்தவர் இறந்தால், அவர் இறந்ததை இரு பக்கமும் அறியாது. அந்தச் சில அழைப்புகளுக்காக அமைப்பைச் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டாம்.

வேளச்சேரி_ட்ரங்க் · புதன், இரவு 8.15

ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அழைப்பு உயிரோடிருக்க டயலாக் (ஓடும் அழைப்பின் விவரம்) நகல் தேவையில்லை என்றாலும், அழைப்பை எண்ணவும் கட்டணக் குறிப்பு எழுதவும் அது தேவைப்படுகிறது. அங்கேதான் நான் ஒரு முறை சூடுபட்டேன்.

ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே நேரத்தில் 60 அழைப்புகள் என்று வரம்பு வைத்திருந்தோம். எண்ணிக்கை இரு முனைகளிலும் நகலாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முனைகளுக்கு நடுவே இருந்த கேபிள் தளர்ந்து பன்னிரண்டு நிமிடம் தொடர்பு போனது. அந்த நேரத்தில் முதன்மையில் முடிந்த 14 அழைப்புகளின் முடிவுச் செய்தி காத்திருப்புக்குப் போகவே இல்லை. கேபிளைச் செருகியதும் இரண்டும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொள்ளத் தொடங்கின. புதிய அழைப்புகள் எல்லாம் ஒழுங்காக நகலாயின. மூன்று நாள் கழித்துப் பராமரிப்புக்காகக் காத்திருப்புக்கு மாறினோம். அந்த வாடிக்கையாளரின் 47-ஆவது அழைப்பு மறுக்கப்பட்டது. யாரும் பேசாத 14 பேய் அழைப்புகள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து, தொடர்பு அறுந்து மீண்டால் அடுத்த செய்தியிலிருந்து தொடர்வதை ஏற்பதில்லை. முழுப் பட்டியலையும் மறுபடி ஒப்பிடச் செய்கிறோம். கூடுதலாக ஆர்எஃப்சி 4028 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் செஷன் டைமரையும் இயக்கினோம். புதுப்பிக்கப்படாத அழைப்பு தானே எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடும்.

நேரம் கடந்த அழைப்புக்குப் பை அனுப்புவதும், கட்டணக் குறிப்பு எழுதுவதும், நாட் கருவிக்குப் பின்னால் உள்ளவர்களுக்குப் பிங் அனுப்புவதும் எந்த முனையின் பொறுப்பு என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். தகவல் இருவரிடமும் இருக்கலாம், செயல் ஒருவரிடமே இருக்க வேண்டும். ஓப்பன்சிப்ஸில் இதற்குப் பகிர்வுக் குறி என்று ஒன்று உண்டு. கமாய்லியோவில், மிதக்கும் ஐபி இப்போது என்னிடம் இருக்கிறதா என்று பார்த்துச் செயல்படும்படி நாங்களே எழுதிக்கொண்டோம்.

பெருங்குடி_இரவுப்பணி · வியாழன், அதிகாலை 2.10

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காத்திருப்பு இயந்திரத்தின் நினைவகத்தைப் பார்த்தேன். 180 தொலைபேசிகளுக்குப் பதில் 3 பதிவுகள் இருந்தன, அவையும் நான் சோதனைக்காக நேரடியாகப் பதிவு செய்தவை. மேலாளரிடம் அந்தத் திரையையே காட்டினேன்.

இனி குரல் பற்றிய ஐயங்கள் உள்ளன. பேச்சு ஊமையானதற்கு ஆர்டிபி-எஞ்சின்தான் காரணம் என்று புரிகிறது. அழைப்பின் போர்ட்டுகளும் முகவரிகளும் இறந்த இயந்திரத்தில் மட்டுமே இருந்தன. ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தை வைத்து அவற்றை நகலெடுக்கலாம் என்று படித்தேன். அதே முதன்மை இயந்திரத்தில் ரெடிஸை நிறுவினால் போதுமா? வீட்டிலிருந்து பணிபுரியும் 40 ஏஜென்ட்டுகள் டிஎல்எஸ்ஸும் (குறியாக்கம் செய்த சிப் இணைப்பு) எஸ்ஆர்டிபியும் (குறியாக்கம் செய்த குரல்) பயன்படுத்துகிறார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்டரிஸ்க் இயந்திரம் ஒன்று விழுந்தால் அதில் உள்ள அழைப்புகளையும் இதே வழியில் காப்பாற்ற முடியுமா?

குரலோட்டம் · வியாழன், காலை 10.40

குரல் பகுதிக்கு நான் பதில் தருகிறேன்.

ரெடிஸை முதன்மையில் மட்டும் வைத்தால், இயந்திரம் இறக்கும்போது அதன் உயிலும் சேர்ந்து எரிந்துபோகும். இரு இயந்திரங்களிலும் ரெடிஸ் இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் நகலாக. காத்திருப்பில் உள்ள ஆர்டிபி-எஞ்சின், முதன்மையின் கீஸ்பேஸுக்கு (ரெடிஸில் அதன் தரவுப் பகுதிக்கு) சந்தாதாரராக இருக்க வேண்டும். ரெடிஸில் கீஸ்பேஸ் அறிவிப்புகள் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும், அதை இயக்க மறந்துவிட்டு நகல் வரவில்லையே என்று தேடுபவர்கள் பலர். அறிவிப்பு வந்ததும் காத்திருப்பு எஞ்சின் அந்த அழைப்பை அயலார் அழைப்பாகத் தன் நினைவில் கட்டி வைத்துக்கொள்கிறது. மிதக்கும் ஐபி மாறி, அதற்கான பாக்கெட் தன்னிடம் வந்த பிறகு சொந்தமாக்கிக்கொள்கிறது. ரெடிஸின் நகலெடுப்பு ஒத்திசைவற்றதுதான். ஆனால் அதனால் இழக்கக்கூடியவை, இயந்திரம் இறந்த அந்த இமைப்பொழுதில் இணைந்துகொண்டிருந்த அழைப்புகள் மட்டுமே. அவை எக்ஸ்சேஞ்ச் ஐயா விட்டுவிடச் சொன்ன வகை.

இங்கே சிலர் பேராசைப்பட்டு, ஒவ்வொரு பாக்கெட்டின் வரிசை எண்ணையும் நகலெடுக்க முயல்வார்கள். உங்கள் கணக்கையே பாருங்கள். 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் என்றால் ஒரு திசைக்கு நொடிக்கு 50. 180 பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரு திசையும் சேர்த்து நொடிக்கு 18,000 பாக்கெட்டுகள் வருகின்றன. அத்தனைக்கும் ரெடிஸில் எழுதினால் எஞ்சின் குரலைக் கடத்துவதை விட்டுவிட்டுக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கும். குறியாக்கம் இல்லாத அழைப்புகளுக்கு அது தேவையும் இல்லை. மாற்றம் 0.4 நொடியில் முடிந்தால் ஒரு திசைக்கு 20 பாக்கெட்டுகள் போகும், கேட்பவருக்கு ஓர் அசை விழுங்கப்பட்டது போல இருக்கும், அவ்வளவுதான்.

எஸ்ஆர்டிபிதான் ஏமாற்றும். பாக்கெட்டில் உள்ள வரிசை எண் 16 பிட். 65,536-ஐத் தொட்டதும் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். எத்தனை முறை அப்படிச் சுற்றியது என்ற எண்ணிக்கையைப் பாக்கெட் சுமப்பதில்லை. குரல் ஓட்டத்தின் இரு முனைகளும் தத்தம் நினைவில் வைத்திருக்கின்றன, குறியாக்கமும் சரிபார்ப்பும் அந்த எண்ணிக்கையையும் சேர்த்தே நடக்கின்றன. நொடிக்கு 50 பாக்கெட் என்றால் ஒரு சுற்றுக்கு 21 நிமிடம் 50 நொடி. தொடக்க எண் எதுவாகவும் இருக்கலாம் என்பதால், பத்து நிமிடம் ஓடிய அழைப்புகளில் ஏறத்தாழ பாதி ஒரு முறை சுற்றியிருக்கும். புதிதாகப் பொறுப்பேற்ற எஞ்சின் சுற்று சுழியம் என்று நினைத்தால், அந்த அழைப்பின் ஒவ்வொரு பாக்கெட்டும் சரிபார்ப்பில் தோற்றுக் குப்பைக்குப் போகும். நாங்கள் சோதனை செய்தபோது இரண்டு நிமிட அழைப்புகளையே வைத்துச் சோதித்தோம். பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். நேரடிப் பயன்பாட்டில் நீளமாகப் பேசுபவர்கள் மட்டும் ஊமையானார்கள். குறுகிய அழைப்புகள் தப்பித்து நீண்டவை மாட்டியதைப் பார்த்து, நினைவகக் கசிவு என்று ஒரு வாரம் தவறான இடத்தில் தேடினோம்.

இதற்கு மருந்து மலிவானது. வரிசை எண்ணை நகலெடுக்க வேண்டாம், அது பாக்கெட்டிலேயே வருகிறது. சுற்று எண்ணிக்கையை மட்டும் நகலெடுத்தால் போதும், அது ஒரு திசைக்கு 22 நிமிடத்துக்கு ஒரு முறைதான் மாறுகிறது. உங்கள் எஞ்சினின் பதிப்பு அதை எப்போது ரெடிஸில் எழுதுகிறது என்று பாருங்கள். அழைப்பு இணையும்போது மட்டும் எழுதினால், அதன் பிறகு நடந்த சுற்றுகள் நகலில் இருக்காது. அழைப்பின் இரு முனைகளும் ஒரே குறியாக்கத்தைப் பேசினால், எஞ்சின் பிரித்துக் கட்டாமல் அப்படியே கடத்தும்படி அமைத்து இந்தத் தொல்லையையே தவிர்க்கலாம். உங்கள் அழைப்புகள் ஆஸ்டரிஸ்க்கில் முடிவதால் அங்கும் எஸ்ஆர்டிபியை இயக்க வேண்டியிருக்கும்.

டிஎல்எஸ் இணைப்பை நகலெடுக்க முயலாதீர்கள். இயந்திரம் மாறியதும் அந்த டிசிபி இணைப்பு இறந்துவிடும், ஆனால் தொலைபேசி அடுத்து எதையாவது அனுப்பி, புதிய இயந்திரம் அதை மறுத்தால்தான் அதற்கே தெரியும். ஆர்எஃப்சி 5626 சொல்லும் இயல்பான உயிர்த்துடிப்பு இடைவெளி டிசிபிக்கு 95 முதல் 120 நொடி. அதுவரை அந்த 40 பேருக்கும் உள்வரும் அழைப்பு சேராது. இடைவெளியை 20 நொடிக்குக் குறையுங்கள், ஆனால் 40 பேரும் ஒரே கணத்தில் கதவைத் தட்டாதபடி சற்றே சிதறவிடுங்கள்.

ஆஸ்டரிஸ்க் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை, முடியாது என்பதே. பதிவுகளைத் தரவுத்தளத்தில் வைக்கலாம், கருவிகளின் நிலையைப் பகிரலாம். ஓடும் அழைப்பை வேறோர் ஆஸ்டரிஸ்க் எடுத்துக்கொள்ள வழியில்லை. ஆஸ்டரிஸ்க் போன்ற மற்றொரு நிரலான ஃப்ரீஸ்விட்சில் அழைப்புகளின் விவரத்தைத் தரவுத்தளத்தில் பதிந்து வைத்து, மாற்று இயந்திரத்தில் மீட்புக் கட்டளை கொடுத்தால், அது இரு பக்கமும் ரீ-இன்வைட் (ஓடும் அழைப்புக்குள் மறுபடி அனுப்பும் இன்வைட்) அனுப்பி அழைப்பைத் தூக்கி நிறுத்துகிறது. அதற்காக மட்டும் வரிசை அமைப்பு முழுவதையும் மாற்றச் சொல்ல மாட்டேன். மூன்று ஆஸ்டரிஸ்க்குகளை ஆறு சிறியவையாகப் பிரியுங்கள். ஒன்று விழுந்தால் மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் ஆறில் ஒரு பங்கு அழைப்புகளே போகும்.

பெருங்குடி_இரவுப்பணி · ஞாயிறு, காலை 6.45

இன்று அதிகாலை நான்கு மணிக்கு அம்பத்தூரில் சோதித்தோம். டிஎம்கியூ, இரு ரெடிஸ்கள், மெய்நிகர் மேக், 100 மில்லிநொடி அறிவிப்பு ஆகியவை தயாராக இருந்தன. 24 சோதனை அழைப்புகளைத் தொடங்கினோம். குரலோட்டம் அவர்கள் சொன்னபடி, அவற்றில் நான்கை மூன்றரை மணிக்கே தொடங்கி, இரு முனையிலும் வானொலி ஓசையை ஊட்டிக்கொண்டே காத்திருந்தோம். நண்பர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்க, நான் முதன்மையின் இரண்டு மின்வடங்களையும் ஒரே நேரத்தில் உருவினேன்.

"பிடுங்கிட்டீங்களா?" என்று அவர் கேட்டார். பாட்டில் ஒரு சொல் தடுக்கியதை அவர் கவனிக்கவே இல்லை.

24-இல் 20 அழைப்புகள் தொடர்ந்தன. மணி அடித்துக்கொண்டிருந்த இரண்டு போயின, அவற்றை விட்டுவிட்டோம். ட்ரங்க் பக்கமும் ஒரு நொடிக்குள் பதில் வந்தது. அரைமணி நேரம் ஓடிய நான்கில், எஸ்ஆர்டிபியில் இருந்த இரண்டும் ஊமையாயின. எஞ்சினின் பதிவில் சரிபார்ப்புத் தோல்வி என்ற வரி நொடிக்கு ஐம்பது முறை ஓடியது. ரெடிஸில் அந்த அழைப்புகளின் சுற்று எண்ணிக்கை, இணைந்த நேரத்தில் எழுதிய சுழியமாகவே இருந்தது.

குரலோட்டம் · ஞாயிறு, காலை 9.20

அந்த இரண்டையும் பிடித்ததுதான் சோதனையின் பயன். செஷன் டைமரை எப்படியும் இயக்கப் போகிறீர்கள். அதன் புதுப்பித்தலை அப்டேட் செய்தியாக இல்லாமல் ரீ-இன்வைட்டாக வரச் செய்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று வையுங்கள். ஒவ்வொரு ரீ-இன்வைட்டின்போதும் கமாய்லியோ ஆர்டிபி-எஞ்சினை அழைக்க, அது அழைப்பின் நிலையை ரெடிஸில் மறுபடி எழுதும்; சுற்று எண்ணிக்கை பத்து நிமிடத்துக்கு மேல் பழையதாக இருக்காது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் சுற்றியவை இன்னும் மாட்டும் என்பதால், வீட்டிலிருந்து பேசும் 40 பேருக்குக் குறியாக்கத்தைப் பிரிக்காமல் கடத்தும் வழியையும் ஓர் ஆஸ்டரிஸ்க்கில் மட்டும் முயன்று பாருங்கள்.

பெருங்குடி_இரவுப்பணி · ஞாயிறு, காலை 9.50

செய்கிறேன். அடுத்த ஞாயிறும் அதே நான்கு மணி. இந்த முறை மின்வடத்தை விட்டுவிட்டு, இரு முனைகளுக்கும் நடுவே உள்ள கேபிளை உருவப் போகிறோம்.